அங்கம்மாக்காவின் பத்துக் கற்கள்

அங்கம்மாக்காவின் வீட்டில் காலண்டர் கிடையாது. ரங்கத் பஜாரில் கடைக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டரில் சாமி படத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மீதியை அடுப்பில் போட்டுவிடுவார். நாள் எண்ண அவருக்குப் பத்து வெள்ளைக் கற்கள் போதும். கடல் அரித்துக் கரையில் ஒதுக்கிய கற்கள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவற்றை வைத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே எட்டு வருஷம் தண்ணீர்ச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார். அதைக் கெடுத்தவன் நான். பெயர் சுரேந்திரன், பஞ்சாயத்து ஆபீசில் ஒப்பந்தக் கிளார்க். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம்.

நடு அந்தமானில், ரங்கத்திலிருந்து உள்ளே போனால் கோரா நாலா என்று ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதன் அருகே நிற்க முடியாது. மாசி பிறந்துவிட்டால் ஒரு முழ அகலத்துக்கு நூலாக ஓடும். அதன் மேல்பக்கம் சோனாடாங்கா. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்குச் சர்க்கார் நிலம் அளந்து பட்டா கொடுத்துக் குடியேற்றிய ஊர். பாகலும் வெள்ளரியும் வெண்டையும் போட்டு ரங்கத்துக்கும் போர்ட் பிளேருக்கும் அனுப்புகிறார்கள். கீழ்ப்பக்கம் கச்சால் லைன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமியில் அங்கிருந்தும் கிளம்பி, இங்கே பாக்குத் தோட்டக் கூலிக்கு வந்த இருபத்திரண்டு குடும்பங்கள். பட்டா கிடையாது, குழாய் கிடையாது. ஆபீஸ் ஃபைலில் அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர். மேலே இருப்பவர்களிடம் காகிதமும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. கீழே இருப்பவர்களிடம் குடம் மட்டும் இருந்தது.

இரண்டு ஊருக்கும் நடுவே நாலா குறுகும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தடுப்பு. அதன் நடுவில் ஒரு படாக்கு மரப் பலகை செருகியிருக்கும். பலகையை இறக்கினால் தண்ணீர் தேங்கி, வாய்க்கால் வழியாகச் சோனாடாங்காவின் காய்கறிப் பாத்திகளுக்குப் போகும். தூக்கினால் கீழே லைனுக்கு வரும். லைனில் பத்து நாளைக்கு டிரம்களில் பிடித்து வைத்து, அடுத்த பத்து நாளை ஓட்டுவார்கள். கடைசி இரண்டு நாளில் டிரம்மைச் சாய்த்து மொள்ளுவார்கள்.

இந்தப் பத்து நாள் முறையைக் கொண்டுவந்தவர் சோனாடாங்காவின் மினோதி ஹல்தார். அங்கம்மாக்காவின் வயதுதான். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அண்ணன் மட்டும் தாத்தாவுடன் அங்கேயே தங்கிவிட்டார். குஷ்டியாவில், பத்மா ஆற்றங்கரையில் விவசாயம். நம் பக்கம் கங்கை என்கிறோமே, எல்லை தாண்டினால் அதற்குப் பத்மா என்று பெயர். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் ஃபராக்காவில் அணை கட்டியிருக்கிறோம். தொண்ணூற்றாறில் இரண்டு நாடும் முப்பது வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டன. கோடையில் தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டால் பத்து நாள் ஒரு நாட்டுக்கு உறுதியான பங்கு, அடுத்த பத்து நாள் மற்ற நாட்டுக்கு. அண்ணன் போனில் சொல்லியிருக்கிறார்: பத்து நாள் எங்களுக்கு ஆறு, பத்து நாள் மணல். அந்த மணலில் நடந்துதான் அவர் பயிருக்குப் போகிறாராம். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை என்றாராம்.

ஓர் ஏப்ரலில் லைன் பெண்கள் குடத்தோடு மேலே ஏறிப்போய்ச் சண்டை போட்டபோது, மினோதி அங்கம்மாக்காவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார். இரண்டு பெரிய தேசங்கள் செய்வதை நாம் செய்ய முடியாதா என்று கேட்டார். அக்காதான் அதற்குக் கல் முறையைச் சேர்த்தார். தடுப்பின் இரு ஓரங்களிலும் இரண்டு பால்பவுடர் டின்கள். யார் முறையோ அவர் காலையில் வந்து, அடுத்தவர் டின்னிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தன் டின்னில் போட வேண்டும். பத்தும் தன் டின்னுக்கு வந்துவிட்டால் முறை முடிந்தது, பலகையை மாற்ற வேண்டியதுதான். தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை, ஆபீசரும் இல்லை. மழை பிடித்தால் கற்களைக் கழுவி எடுத்து வைத்துவிடுவார்கள்.

அக்காவுக்குத் தண்ணீரைப் பங்கு போடுவது புதிதல்ல. இலங்கையில், மஸ்கெலியாவில் அவர் பிறந்த லயத்தை, தோட்டக் கூலிகளின் அந்த வரிசை வீடுகளை, கரண்டு எடுக்க அணை கட்டி மூழ்கடித்தார்கள். பத்து வயதுப் பெண்ணாக மேட்டில் நின்று, தண்ணீர் லயத்துக் கூரை மேல் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கரண்டு கொழும்புக்குப் போனது, மாற்றிக் கொடுத்த லயத்தில் அக்கா கிளம்பும்வரை மண்ணெண்ணெய் விளக்குதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதன் பிறகு ஆட்களையே பங்கு போட்டார்கள். இந்தியா ஏழு பேரை எடுத்துக்கொண்டால் இலங்கை நாலு பேருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும், அதுதான் இரண்டு நாடுகளும் போட்டுக்கொண்ட கணக்கு. அக்காவும் அப்பாவும் ஏழில் வந்தார்கள். கூடப்பிறந்த மூத்தவள் அன்னம்மாள், கட்டிக்கொடுத்த இடத்தில் நாலில் போய்விட்டாள். தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. புருஷன் முத்துவீரனைக் கச்சாலில் கடல் கொண்டுபோனது. குழந்தை இல்லை. இத்தனைக்குப் பிறகு அக்காவிடம் மிஞ்சியது மினோதி ஒருத்திதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் கல்லை மாற்றிவிட்டு இருவரும் தடுப்பின் மேல் உட்கார்ந்து பேசுவார்கள். இவருக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது அந்தமான் இந்தி. ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிக் கிடக்கும், ஆனால் கூடப்பிறந்தவர்களைப் பற்றிப் பேச அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒருத்திக்கு அந்தக் கரையில் அண்ணன், இன்னொருத்திக்கு வேறொரு கரையில் அக்கா.

இரண்டாயிரத்து இருபத்தைந்து தொடக்கத்தில் நான் நடுவில் புகுந்தேன். நாலாவுக்கு ஒரு திட்டம் வரப்போகிறது, தண்ணீர்ப் பங்கீட்டை எழுத்தில் காட்டினால் லைனுக்கும் குழாய் கிடைக்கலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் பிறந்து பி.காம். படித்துவிட்டு ஒன்பது வருஷமாக ஒப்பந்தக் கூலியாக இருப்பவன். இதைச் செய்துகாட்டினால் நிரந்தரம் ஆகிவிடலாம். தமிழில் ஒரு படி நான் எழுதினேன். சோனாடாங்கா பள்ளி வாத்தியாரைக் கொண்டு வங்காளியில் ஒரு படி எழுத வைத்தேன். இங்கிலீஷ் தேதி வேண்டாம், விவசாயிகளுக்கு மாதக் கணக்குதான் வாகு என்று நானே முடிவு செய்தேன். பங்குனியின் கடைசிப் பத்து நாள் மேலூருக்கு, சித்திரையின் முதல் பத்து நாள் லைனுக்கு. வங்காளிப் படியில் சைத்திரத்தின் கடைசிப் பத்து, வைசாகத்தின் முதல் பத்து. நமக்கும் அவர்களுக்கும் வருஷம் ஒன்றாகத்தானே பிறக்கிறது என்று நினைத்தேன். நம் வருஷப் பிறப்பன்று அங்கேயும் கொட்டு மேளம் கேட்கும், மறுநாளும் கேட்கும். அவர்களுக்கு அது இரண்டு நாள் திருவிழா என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். வாய் திறந்து ஒரு வங்காளியிடம் கேட்டதில்லை.

கையெழுத்தான அன்று அந்த டின்களைக் காட்டி, இனிமேல் இதெல்லாம் எதற்கு, பேப்பர் இருக்கிறதே என்று கிண்டல் வேறு செய்தேன். மினோதி கற்களைக் கையில் கொட்டி எண்ணி, ஐந்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஐந்தைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். ஞாபகத்துக்கு என்றார்.

ஏப்ரல் பதினாலு, சித்திரை ஒன்று. அந்த வருஷம் மழையே எட்டிப் பார்க்கவில்லை. லைனில் இரண்டு நாளாக டிரம்கள் காலி. விடிந்ததும் அக்கா போய்ப் பலகையைத் தூக்கினார். கீழே பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே பாத்திகளுக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. பாகல் பூத்துப் பிஞ்சு விடும் நேரம். மினோதி இறங்கி வந்து, இன்றைக்கு எங்கள் கடைசி நாள், நாளைக்குத்தான் வைசாகம் என்றார். அக்கா, இன்றைக்கு எங்கள் முதல் நாள், வருஷமே பிறந்துவிட்டது என்றார். அவர் இறக்கினார், இவர் தூக்கினார். மறுபடியும் இறக்கினார், தூக்கினார். அதற்குள் மினோதியின் மகன் பிகாஷ் ஆட்களோடு வந்தான், லைன் பையன்களும் ஏறி வந்தார்கள். தள்ளுமுள்ளில் யாரோ பலகையைக் கோடாலியால் பிளந்துவிட்டார்கள். தேக்கி வைத்திருந்த தண்ணீர் ஒரே மூச்சில் பாய்ந்து, குடத்துக்கும் இல்லாமல் பாத்திக்கும் இல்லாமல் மாங்குரோவ் சேற்றில் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரத்தில்தான் அக்கா அதைச் சொன்னார். உங்கள் ஊர்க்காரன் உங்களைத் துரத்தியது சும்மாவா, அடுத்தவன் பங்கைத் தின்கிற ஜாதி என்று. கோபத்தில் தமிழில் சொல்லியிருந்தால் மினோதிக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டும் என்றே இந்தியில் சொன்னார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மினோதி சத்தம் போடவில்லை.

"தும்கோ பீ தோ பேஜா தா, அங்கம்மா."

உன்னையும்தானே அனுப்பிவைத்தார்கள் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போலீஸ் வந்தது, ஒரு ஆபீசர் வந்தார். இரண்டு ஊரும் தங்கள் தங்கள் மொழிப் பேப்பரை நீட்டின. அவருக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இங்கிலீஷ் தேதி போட்டு ஒரு உத்தரவு எழுதினார். புதுப் பலகைக்குச் சங்கிலியும் பூட்டும் வந்தன. சாவி என் கையில். யார் முறையோ அந்த ஊரார் என்னிடம் வந்து சாவி வாங்கித் திறந்துவிட்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெண்களும் பத்துக் கற்களும் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு சர்க்கார் எடுத்துக்கொண்டது.

மே மாதம் ரங்கத்தில் ஒரு வங்காளி மிட்டாய்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வங்காளிக் காலண்டர் தொங்கியது. சும்மா பார்த்தேன். வைசாகம் ஒன்று, ஏப்ரல் பதினைந்தில் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். எப்போதும் உங்களுக்கு ஒரு நாள் கழித்துத்தானே எங்களுக்கு என்று சாதாரணமாகச் சொன்னார். என் பேப்பரில் அந்த ஒரு நாள் இரண்டு ஊருக்கும் போயிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அடுத்தவர் பங்கைத் தின்னவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ரங்கத்திலிருந்து சோனாடாங்கா பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். சொல்லவில்லை. என் நிரந்தர ஃபைல் போர்ட் பிளேரில் ஒரு மேசையில் இருந்தது. கலவரத்துக்குக் காரணம் கிளார்க் என்று தெரிந்தால் அந்த ஃபைல் அப்படியே மூடிவிடும். ஃபைல் முடியட்டும், பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஜூன் கடைசியில், நல்ல மழையில், மினோதி ஆபீசுக்கு வந்தார். குடையை வாசலில் வைத்துவிட்டு என் மேசைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைக்கு உண்மையில் யாருடைய நாள், பேப்பரைப் பார்த்துச் சொல் மகனே என்று கேட்டார். பிகாஷுக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்றார்.

"அங்கம்மா ஜூட் நஹீ போல்தீ," என்றார். அங்கம்மா பொய் சொல்ல மாட்டாள். அது அவளுடைய நாளாக இருந்தால் நான்தான் போய்ப் பேச வேண்டும், அது தெரிந்தால் போதும் என்றார்.

பேப்பர் என் மேசை டிராயரில் இருந்தது. என் முழங்காலுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி. பேப்பர் ரங்கத் ஆபீசுக்குப் போயிருக்கிறது மௌசி, வந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். போகும்போது, சீக்கிரம் பார் என்றார்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் சமைத்துக்கொண்டிருந்தபோது மினோதி சரிந்து விழுந்தார். ரங்கத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. செய்தி கேட்டு அங்கம்மாக்கா மேலே போனார். வீட்டுக்குள் போகவில்லை. வேலிக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். நான் அவருக்குப் பத்தடி பின்னால் நின்றேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. என்னை என்ன செய்தால் தகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு பிகாஷ் லைனுக்கு வந்தான். ஐந்து கற்களை அக்காவிடம் கொடுத்தான். அம்மா சாவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவைத்தாளாம்: பேப்பர் வரக் காணோம், எதற்கும் இதை அங்கம்மாவிடம் கொடுத்துவிடு, அன்றைக்கு அவளுடைய நாளாகத்தான் இருந்திருக்கும், தப்பு என்னுடையது என்று சொல். அக்கா கற்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இல்லை, இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததாக லைன் பெண்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கும் அதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. கல்லையே எண்ணியிருந்தால் அது மினோதியின் நாளாக இருந்திருக்குமோ என்று எல்லோரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

என் ஃபைல் ஜனவரியில் திரும்பி வந்தது. நிரந்தரம் இல்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இந்த வருஷம், இருபத்தாறில், மறுபடியும் சித்திரை ஒன்று வந்தது. உத்தரவின்படி ஏப்ரல் பதினாலிலிருந்து லைனின் முறை. ஆபீசுக்கு விடுமுறை. நான் தங்கியிருப்பது ஆபீசின் பின் அறையில்தான். விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கா சாவி வாங்க வந்தார். வாசலில் நின்று, டிரம்மெல்லாம் காலி தம்பி என்றார். சாவியை எடுத்து நீட்டினேன். அவர் கை அதைப் பிடித்ததும் என் வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காலண்டர், ஒரே நாள், மிட்டாய்க் கடை, டிராயர், எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"மினோதி ஒங்கிட்ட வந்து கேட்டப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கக்கா."

அவர் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். சோனாடாங்கா பக்கமிருந்து அவர்களுடைய வருஷக் கடைசி நாள் மேளம் கேட்டது.

"ஏழு பேரு இங்கிட்டு, நாலு பேரு அங்கிட்டுன்னு எழுதுனவனும் ஒன்ன மாதிரி ஒரு கிளார்க்காத்தான் இருந்திருப்பான் தம்பி," என்றார். "அவனும் கெட்டவனா இருந்திருக்க மாட்டான்."

அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். எழுந்தார். கையில் இருந்த சாவியைப் பார்த்தார். என் மேசைமேல் அதை வைத்தார்.

"இன்னைக்கு அவ நாளு. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

வருஷப் பிறப்பன்று லைனில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. குடத்தோடு காத்திருந்த பெண்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள், திட்டவும் திட்டினார்கள். கிளார்க் சாவி கொடுத்தானா இல்லையா, சொல்லுங்கள், நாங்களே போய்க் கேட்கிறோம் என்று இரண்டு பேர் கிளம்பியும் விட்டார்கள். அக்கா அவர்களைத் தடுத்து, தம்பி சாவியைக் கொடுத்துவிட்டான், வருகிற வழியில் நான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.